கடைசி இலக்கம்

திரையில் இன்றும் அதே வரி. எங்கள் அலுவலகத்தைப் பெங்களூரோடு இணைக்கும் ரவுட்டர் பாதியில் நின்று காத்துக்கொண்டிருந்தது.

கன்சோல் கேபிளைச் செருகி, ‘b’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினேன். எழுந்துகொண்டது.

ஒன்பது மணிக்குள் அது எழாவிட்டால் பெங்களூரிலிருந்து ஆர்டர் பட்டியல் வராது. ஊதுபத்தி லாரி கிளம்பாது.

மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டுவது எங்கள் அலுவலக வழக்கம். முன்பெல்லாம் காலையில் கரண்ட் கொடுத்ததும் ரவுட்டர் தானாக எழும். என் மனைவி ரூபாவின் காரியம் முடிந்த மறுவாரம் அது நின்றுபோனது.

அப்போது நான் வேலைக்குப் போவதை விட்டிருந்தேன். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். கீழ் வீட்டு போனில் லிங்கப்பன் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் அறையில் என்னோடு இருப்பவர். ஐம்பது வயது.

“பேக வாங்க சார், சீக்கிரம். நான் தொட்டா மூஞ்சியைத் திருப்பிக்குது. அதுக்கு உங்க கைதான் வேணுமாம்.”

கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாளும்.

ஒரு வாரத்தில் குளித்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். பிறகு ஷேவ் செய்துகொண்டு.

கேபிளை மாற்றிப் பார்த்தேன். மெமரி கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ஒரு மாதம் ஆகியும் கோளாறு பிடிபடவில்லை. இன்றுதான், ஏதோ தோன்றி, ரவுட்டரின் விவரப் பட்டியலைக் கடைசி வரிவரை படித்தேன்.

0x2100. கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் எண்.

கடைசி இலக்கம் 2 ஆக இருக்க வேண்டும். 2 என்றால், தானாக எழு. 0 என்றால், யாராவது வந்து எழுப்பும்வரை காத்திரு.

அது தன்னால் மாறாது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்த்தான் மாற்ற முடியும். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

திரும்பிப் பார்த்தேன். லிங்கப்பன் டிபன் டப்பாவின் மூடியில் எனக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தினமும் வைப்பதுதான்.

0வை 2 ஆக்கினேன். அணைத்து, மறுபடி போட்டேன். யாரும் தொடாமல் எழுந்தது.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நாளைக்கு போன் பண்ணாதீங்க. எட்டரைக்கு நானே வந்துடறேன்” என்றேன்.

தலையாட்டி, மூடியை என் பக்கம் நகர்த்தினார். இடம் போதாமல் அவருடைய நோட்டு விலகித் திறந்துகொண்டது.

‘ரவுட்டர் நின்றால் b தட்டவும்.’

போன வருஷத் தேதி. என் கையெழுத்து.