விழுந்தது விழுந்ததுதான்

வேலை தேடித் தேடிச் செருப்பு தேய்ந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராஜயோகம். நண்பர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்வது அவன்தான். அந்த நண்பர்களில் ஒருவனான குண்டன் வேலை பார்க்கும் கம்பெனியில் அவன் நேர்முகத் தேர்வு முடித்திருந்தான், பாவம். திங்கட்கிழமை முடிவு தெரியும்.

குண்டனின் மந்திரவாதி பாலத்தைத் தாண்ட வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு இருபது முகப் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது.

"இன்னொரு தடவை உருட்டிக்கிறேன்டா!"

"அழுதாலும் கிடையாது. விழுந்தது விழுந்ததுதான். உன் ஆளு ஆத்தோட போயாச்சு."

"கால்ல வேணா விழறேன்டா, ஒரே ஒரு தடவை!"

"பொம்மை மந்திரவாதிக்கா இவ்வளவு ஒப்பாரி?"

எல்லாரும் சிரித்தார்கள். குண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் குண்டன் அவனுக்குப் போன் செய்தான்.

"வேலை இன்னொருத்தருக்குப் போயிருச்சுடா. கடைசியில நீங்க ரெண்டு பேரும் சமம். மேனேஜர் முடிவை என் தலையில கட்டிட்டாரு. நண்பனுக்குச் சலுகை காட்டக் கூடாதுன்னு, பத்தைத் தாண்டினா நீ, தாண்டலைன்னா அவருன்னு மனசுல நினைச்சு உருட்டினேன்."

"எப்படா உருட்டினே?"

"நேத்துதான். பாலத்துக்கிட்ட."

'இன்னொரு தடவை' என்று கேட்க அவன் வாயைத் திறந்தான்.