ஒரு சாண் கட்டை

“‘அடுப்புக்குப் பொறந்ததுக்கு இவ்வளவு திமிரா?’ இதுதானே நீங்க சொன்னது, பெரியம்மா?” என்று அரசமரத்தின் இழுவையிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டியது சவுண்டல் மரம். “ஆமாம், திமிர்தான். இரண்டு தடவை வெட்டுப்பட்டேன். இரண்டு தடவையும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து உங்க தோளுக்கு வந்து நிற்கிறேன். தழையை ஆட்டுக்குக் கொடுத்தேன், உதிர்ந்ததை மண்ணுக்குக் கொடுத்தேன். ஆலை பாய்லர் என்னைத் தின்னுதான் பசியாறுது. நான் இல்லாட்டா அது மலைக்காட்டில் ஒரு மரத்தையாவது மிச்சம் வைக்குமா? நீங்க என்ன கிழிச்சீங்க, நாள் முழுக்கச் சலசலன்னு பேசினதைத் தவிர?”

“நான் பேசினா ஊரே கேட்கும்டி!” என்றது அரசமரம்.

அதற்குள் மரம் அறுக்கும் ஆள் வந்துவிட்டான். சவுண்டல் நிமிர்ந்து நின்றது. அதற்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் வந்தவன் புதியவன். வழக்கமாக ஒரு சாண் கட்டையை விட்டுத்தான் அறுப்பார்கள். அதிலிருந்துதான் மறுபடி துளிர் வரும். இவனோ ஒரு துண்டு விறகும் வீணாகக் கூடாதென்று ரம்பத்தைத் தரையோடு தரையாக வைத்தான்.

சவுண்டல் அப்போதும் குரலைத் தாழ்த்தவில்லை. “பெரியம்மா, நீங்க பேசினா ஊரே கேட்கும்னீங்களே, ஒரு சாண் விட்டு அறுக்கச் சொல்லுங்க. எனக்காகக் கேட்கலை. நான் போயிட்டா உங்களோட சண்டை போட இங்கே யார் இருக்கா?”

காற்றே இல்லாத நாளிலும் ஆடுகிற அரசமரத்தில், ஓர் இலைகூட அசையவில்லை.