மழித்த மீசை

சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களின் காலில் ஊற்ற, வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள் பூமயில். தன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு அவள் புருஷன் தளவாய் வந்தான். தலையோடு மீசையையும் மழித்திருந்தார்கள். வாயைத் துண்டால் பொத்தியிருந்தான். அழுகிறான் என்றுதான் நினைத்தாள்.

கல்யாணத்தன்றே அந்த மீசை தாழ்ந்த கூரை போல வாய்மேல் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே அவள் பார்த்ததேயில்லை.

போன ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது, அண்ணமும்தான். புகட்டிய பாலெல்லாம் மூக்கு வழியே வந்தது. "கிரகணத்தன்னைக்கு அரிவாமணையில உக்காந்தா பிள்ளை வேற எப்பிடிப் பொறக்கும்?" என்றாள் மாமியார். பூமயில் அதை நம்பினாள். பெரியாஸ்பத்திரியில் தைத்துவிடலாம் என்று நர்ஸ் சொன்னதற்கு, "வெட்டுப்பட்ட பிள்ளைய இன்னும் வெட்டவா?" என்று மாமியார் மறித்தாள். தளவாய் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தான். தை பிறக்குமுன் பிள்ளையைப் புதைத்தார்கள்.

தண்ணீருக்குக் காலை நீட்டத் தளவாய் வேட்டியைத் தூக்கியபோது துண்டு நழுவியது. மூக்கிலிருந்து உதடுவரை வெள்ளையாய் ஒரு தழும்பு. அதன் இருபுறமும் ஊசி ஏறிய புள்ளிகள்.

"எப்பம் தைச்சது?" என்று மெல்லக் கேட்டாள்.

"கைப்பிள்ளையா இருக்கையில," என்றான், தரையைப் பார்த்து.

"ஏட்டி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? தண்ணிய ஊத்து," என்று உள்ளிருந்து மாமியாரின் கம்மிய குரல் வந்தது.

ஊற்றினாள். செம்பு காலியான பிறகும் அதைச் சாய்த்தபடியே நின்றாள். தளவாயும் காலைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.