உடைக்கச் சொன்னவர்

“நாளைக்குக் காலையில அந்தச் சிலையை உடைச்சுத் தூளாக்கிடணும், மேஸ்திரி.”

நகரசபை ஓவர்சியர் சொன்னதும் செபஸ்தியான் கையிலிருந்த கொல்லத்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

1957. சிப்பாய்க் கலகம் நடந்து நூறு வருஷமாயிற்று, இனி வெள்ளைக்காரன் சிலை ஒன்றுகூடச் சேலத்தில் நிற்கக் கூடாது என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அதில் கடைவீதியில் சிலையாக நின்ற வெள்ளைக்கார டாக்டர் துரையும் மாட்டிக்கொண்டார். பிளேக் வந்த வருஷம், பெற்ற பிள்ளையே கிட்டே போகப் பயந்தபோது, கொட்டகை போட்டு நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிய மனுஷர். செபஸ்தியானின் அம்மா அவர் கையால் பிழைத்தவள்.

முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால், கிறிஸ்தவராயிற்றே, ‘வேதக்காரன் வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறான்’ என்று பேச்சு கிளம்பும். முதலில் கிளப்புகிற ஆள், சிலையை உடைக்கத் தீர்மானம் கொண்டுவந்த கவுன்சிலர் செங்கோட்டையனாகத்தான் இருக்கும். வெல்ல மண்டிக்காரர். நகரசபைக் கூட்டத்தில் அவர் போட்ட சத்தத்திலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது.

விடிந்ததும் அவரே லாரியோடு வந்து நின்றார். “பேத்து ஏத்துங்க. எங்க தோட்டத்துல போட்டு நானே என் கையால ஒடைக்கறனுங்க” என்றார். ஜனம் கை தட்டியது.

செபஸ்தியான் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலையை ஏற்றிவிட்டார். இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று செங்கோட்டையனை மனசுக்குள் வைதார்.

இரண்டு மாதம் கழித்து, அதே செங்கோட்டையன் ஆள் விட்டார். புதுச்சத்திரம் தோட்டத்தில் காவல் சாமிக்கு மேடை கட்ட வேண்டுமாம். அதற்கு வேதக்கார மேஸ்திரி எதற்கு என்று புரியாமலேயே செபஸ்தியான் பஸ் ஏறினார்.

வேப்பமரத்தடியில் ஆளுயரச் சாமி. கறுப்புச் சாயம், முறுக்கு மீசை, தலைப்பாகை, புது வேட்டி. செங்கோட்டையனின் தாயார் பொன்னாத்தாள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

செபஸ்தியான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். வேட்டிக்கு அடியில் பூட்ஸ் கால்.

“கவுண்டரே, இது நம்ம டாக்டரு...” செபஸ்தியான் அந்தப் பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஆமாங்க. எங்கப்பனும் அந்தக் கொட்டாயில கெடந்து பொழச்சவருதானுங்க. அன்னிக்கு நீங்க கண்ணைத் தொடச்சதைப் பாத்தேன். அதான் உங்களையே கூப்புட்டேன்.”

“அப்புறம் ஏனுங்க கூட்டத்துல அப்படிச் சத்தம் போட்டீங்க?”

“எல்லாரையும் விடச் சத்தமாப் போட்டாத்தானே மேஸ்திரி, ஒடைக்கறதுக்கு எங்கிட்டக் குடுப்பாங்க?”