ரேகை விழாத கை

காலை ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதி ஓய்கிறது. சுரங்க வாசலில் காண்ட்ராக்ட் ஆட்கள் ஒவ்வொருவராய் வருகைப்பதிவு மிஷினில் கையைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். நிலக்கரி ஏற்றிவரும் பெல்ட்டிலிருந்து சிந்துவதை வாரி வாரிப் பிரபாவதிக்கு விரல்ரேகை தேய்ந்துவிட்டது. மிஷினில் விழவில்லை. அதனால் போன மாதம் அவளுக்கும் அவளைப் போன்ற மற்ற ஆட்களுக்கும் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், தோலுக்கடியில், அரிசி அளவுக்கு ஒரு சிப்பை ஏற்றிவிட்டார்கள். இன்று கையைக் காட்டுகிறாள். பச்சை விளக்கு எரிகிறது, தடுப்புக்கம்பி திறக்கவில்லை. சூப்பர்வைசர் குஞ்சிதபாதம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார். “நேத்து சாயந்தரம் எங்கம்மா போயிருந்த?” “எங்கியும் போவலீங்க. வூட்லதான் இருந்தேன்.” “சுரங்கத்துக்கு நெலத்தக் குடுக்கக் கூடாதுன்னு ஏரிக்கரையில கூட்டம் போட்டாங்களாமே?” “எனக்குத் தெரியாதுங்க.” அவர் திரையை அவள் பக்கம் திருப்புகிறார். அவள் ஊர் ஏரிக்கரையில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் அவள் பெயர். “நாப்பத்திமூணு பேரு,” என்கிறார், கோபமே இல்லாமல். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். பிரபாவதி கையை இறுக மூடிக்கொள்கிறாள். மூடிய கையில் அந்த இடம் மட்டும் சின்னதாகப் புடைத்துத் தெரிகிறது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று நேற்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னவள் அவள்தான்.