வருடாவருடம் நடக்கும் பணிநீக்கம்

“நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்கள யாரும் போகச் சொல்லல, அந்தப் பதவிதான் இனிமே…”

“பதவிக்குக் காலா இருக்கு, தானா எழுந்து நடந்து போக? போகப்போறது நான்தானே சார்…”

“நான் பேசி முடிச்சுடறேன்மா…”

“முடிச்சுட்டுத்தானே கூப்பிட்டீங்க.”

வகுப்பு முழுக்க மேஜையைத் தட்டியது.

தட்டுவதுதான் விதி. மனிதவள மேலாண்மையை விமர்சனக் கண்ணோடு படிக்கும் அந்த முதுகலை வகுப்பில் வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சண்டை நடக்கும். துறைத்தலைவர் ஒரு கம்பெனியின் மேலாளராக உட்காருவார். ஒப்பந்த விரிவுரையாளரான அவள், வேலை பறிபோகிற ஊழியராக எதிரே உட்காருவாள். நடப்பதைப் பூசி மெழுகுகிற சொல் எது காதில் விழுந்தாலும் மாணவர்கள் மேஜையைத் தட்ட வேண்டும்.

மறுசீரமைப்பு என்றார். தட்டினார்கள். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். தட்டினார்கள். உங்கள் நல்லதுக்குத்தான் என்றதும் கடைசி வரிசை இரண்டு கையாலும் தட்டியது.

இந்த வேடத்தில் துறைத்தலைவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. குரலில் தேன் வடியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், பெற்ற பெண்ணை வழியனுப்புகிற மாதிரி இருக்கும். மாணவர்கள் அவருக்குச் ‘சர்க்கரை’ என்று பெயர் வைத்ததே இந்த வகுப்பால்தான். அது தெரிந்தும் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அவள் பங்கு சின்னது. இரண்டு கேள்வி கேட்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்ட வேண்டும். எழுந்து போக வேண்டும். அதற்குப் பிறகு விவாதம், தேநீர்.

அவளுடைய ஒப்பந்தமும் வருடாவருடம் புதுப்பிக்கப்படுவதுதான். இந்த வருடத்து உத்தரவு இன்னும் வரவில்லை என்பது வகுப்புக்கே தெரியும். வந்துவிட்டதா மேடம் என்று போன வாரம்கூடக் கேட்டார்கள். வராமல் எங்கே போகும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

இன்றைக்கு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“உங்க திறமைக்கு வெளியில எவ்வளவோ வாய்ப்பு காத்துக்கிட்டு இருக்கு,” என்றார் அவர், வழக்கமான இடத்தில், வழக்கமான பெருமூச்சோடு.

இங்கேதான் அவள் தலையாட்ட வேண்டும்.

அவள் ஆட்டவில்லை. எங்கே காத்துக்கொண்டிருக்கிறது, எந்தத் தெருவில், பஸ் அந்தப் பக்கம் போகுமா என்று கேட்டாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, எழுந்து போகும்படி கண்ணால் வாசலைக் காட்டினார்.

அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த வயதில் என்னை எந்த மகராசன் கூப்பிட்டு வேலை கொடுப்பான் என்றாள். யாருக்குப் பிரசவம் என்றாலும், யாருக்கு வெளிநாட்டுக் கருத்தரங்கு என்றாலும் அத்தனை வேலையையும் என் தலையில்தானே கட்டினீர்கள், அப்போதெல்லாம் இந்தப் பதவி தேவைப்பட்டதே என்றாள். ஒரு நாளாவது முடியாது என்று சொல்லியிருப்பேனா என்றாள். சொல்லியிருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

கம்பெனியில் ஏது கருத்தரங்கு என்று யாரோ மெல்லக் கேட்டது காதில் விழுந்தது.

சத்தம் போடக்கூடாது என்று நினைத்திருந்தாள். போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட வகுப்புக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

போதும்மா, நேரமாகிறது என்றார் அவர். குரலில் தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

அதற்கு யாரும் தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள், பட்டென்று பேசிவிடுகிற சுபாவம். கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம் என்று ஆரம்பித்தாள். மேடம் பேசியது நெஞ்சைத் தொட்டதாம். ஆனால் சார் பேசுகிற வசனம்தான் ஒட்டவில்லையாம். எதிரே ஒரு மனுஷி உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது, அச்சடித்த மாதிரி இப்படியெல்லாம் நிஜத்தில் யாராவது பேசுவார்களா என்று கேட்டாள்.

துறைத்தலைவருக்கு உயிர் வந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்த மாதிரி வகுப்பின் பக்கம் திரும்பினார்.

அருமையான கேள்வி என்றார். ஒரு மேலாளர் என்னவெல்லாம் சொல்லக்கூடாதோ அதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து எழுதிய வசனம் அது, கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும் என்றார். எழுதியது யார் தெரியுமா, மேடம்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிக் கொடுத்தார் என்று அவளைப் பெருமையாகக் கைகாட்டினார்.

“இத்தனை வருஷமா பேசிப் பேசி எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

அவள் எழுந்து நின்றாள். மாணவர்களைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் பார்த்தாள்.

“தெரியும் சார். காலையில உங்க ரூம்ல, எனக்கு இனிமே இங்க வேலை இல்லன்னு சொன்னப்போ, ஒரு வரி விடாம அப்படியே சொன்னீங்களே. அது நான் எழுதினதுன்னு அப்ப ஞாபகம் வந்துச்சா?”