இலவம்பஞ்சுப் பொங்கல்

வேலி வாசலில் பிள்ளைகளையும் சோதிப்பார்கள் என்பது இராஜமாணிக்கம் வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது.



மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்து, ரப்பர்த் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டாயிற்று. பள்ளிக்கூடம் மட்டும் வேலிக்கு வெளியே, சாலைக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்டது. வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி வந்தாலும், அது காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிற அரிசிதான். கொடுத்தனுப்பிய தாயை லோரியில் ஏற்றிச் சிரம்பான் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்த மனுஷன்தான். ஆனால் வேலியே இல்லாத லோபாக் ஊரிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவருக்கு வேலி என்பது அடுத்த வீட்டுச் சங்கதி. நேற்றுப் பொங்கல் பாடம் நடத்தும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

பிள்ளைகள் ஆற்றுக் களிமண்ணில் குட்டிக் குட்டிப் பானைகள் செய்திருந்தார்கள். மேலே இலவம்பஞ்சை வைத்ததும் பால் பொங்கி வழிகிற மாதிரியே இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். சாமிக்கு வைக்கிற பானை வெறும் பானையாக இருக்கக்கூடாது, ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவாருங்கள் என்று சொல்லித் தொலைத்தார். வருஷா வருஷம் சொல்வதுதான். பழக்கம்.

இப்போது பள்ளி வாசலில் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால், அதுவே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் நல்லசாமி, பையன்களின் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தார். சிலேட்டுப் பைகளைக் கவிழ்த்துக் கொட்டினார். அவசரமே இல்லாத ஆள்.

சிறுமி பஞ்சாலையின் முறை வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அப்பன் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டதாக லயத்தில் பேச்சு. அம்மா முத்தாயி தனியாளாகப் பால்மரம் வெட்டி வளர்க்கிறாள். அவளையும் லோரியில் ஏற்றிவிட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?



நல்லசாமி அவள் பையை உதறிப் பார்த்துவிட்டு, போ என்று கைகாட்டினார்.

எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கையிலும் ஒன்றுமில்லை. நல்லவேளை, தாய்மார்களுக்காவது புத்தி இருக்கிறது. அழாக்குறையாகச் சிரித்துக்கொண்டு, பானைகளை ஜன்னலோரம் வைக்கச் சொன்னார்.

பஞ்சாலை குனிந்து, பாவாடை ஓரத்து மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். அரிசி சரசரவென்று பானைக்குள் விழுந்தது. மேலே பஞ்சை அமுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் பெருமை.

வாத்தியார் பாய்ந்துபோய்ப் பானையைக் கையால் மூடினார். அதட்டத்தான் நினைத்தார். கெஞ்சலாகத்தான் வந்தது. இனிமேல் இப்படி மறைத்துக் கொண்டுவராதே தாயி, அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு தொப்பி தெரிந்தது.

நல்லசாமிதான். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. பொங்கல் பானை பார்க்கிற ஆசையில் சாலையைத் தாண்டி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

வாத்தியார் பானையிலிருந்து கையை எடுக்கவில்லை.

பஞ்சாலைக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாமி காரியத்தை ஒழுங்காகச் செய்த பிள்ளையைப் போய் இப்படிச் சொல்லிவிட்டாரே! கணீரென்று சொன்னாள்:

"இது சாமிக்கு சார், எச்சி படக்கூடாதுல்ல, அதான் மடிப்புல வச்சேன். தெனமும் எங்கப்பாவுக்குக் கொண்டார்றதுதான் வாயில வச்சி..."

"பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார் வாத்தியார்.

காலையில் வணக்கம்கூடச் சொல்லாமல், உதட்டை இறுக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்கு ஓடுகிற பிள்ளை இவள். வாய் கொப்பளிக்கப் போகிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் காடு.

"பொங்கலோ பொங்கல்!"

பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும். மேசையைத் தட்டிக்கொண்டு கூரை அதிரக் கூவினார்கள். நல்லசாமியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சேர்ந்து கூவினார். அவர் காதில் எதுவரை விழுந்தது என்று அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தொண்டை கம்மிப்போன பிறகும் வாத்தியார் நிறுத்தவில்லை.

பஞ்சாலை அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.